ஆல்பத்து அத்தையின் பல்வரிசை

ஒரு புத்தகத்தைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லிப் புகார் எழுதுகிறவர்கள் அதை முதலிலேயே படித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாகும்வரை படிக்கவே கூடாது. நான் இரண்டுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டேன்.

நான் பல் செய்கிறவள். ஒரு பல் மருத்துவமனையின் மாடியில், ஜன்னலை ஒட்டி எனக்கு ஒரு மேசை. டாக்டர் கீழே வாயை அளவெடுத்து அனுப்புவார். நான் அதில் அச்சு வார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாக நட்டுக் கீழே அனுப்புவேன். அவர் அதை வாயில் வைத்துப் பார்த்துச் சரி என்றால், மெழுகை எடுத்துவிட்டு நிரந்தர ஈறு போடுவேன். அச்சில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருபது வருஷத்தில் இந்த ஊரில் பாதிப் பேருடைய வாய் எனக்கு மனப்பாடம், முகம்தான் தெரியாது. கடைவீதியில் யாராவது கொட்டாவி விட்டால், அட நம்ம நூற்று எட்டாம் நம்பர் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகளுக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் என்ன பெயரோ, வீட்டில் அவள் வாலு. ஒரு திங்கட்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, நம்ம ஆல்பத்துல இருக்கிற எல்லாரையும் உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?"

"நல்லா யோசிச்சுச் சொல்லு. எண்ணிப் பாத்திருக்கியா?"

சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் பையைக் குடைந்தேன். பள்ளி நூலகத்துப் புத்தகம் ஒன்று இருந்தது. பெயர் 'ஆல்பத்து அத்தை'. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரை என்று கீழே போட்டிருந்தது. அட்டையில் ஒரு குடும்பப் படம், எல்லாருக்கும் பின்னால் கதவோரமாக ஒருத்தி. முதல் இரண்டு பக்கம் பார்த்தேன், பின்னட்டையைப் பார்த்தேன், அவ்வளவுதான், எனக்கு வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் பேனா தானாகக் கைக்கு வந்துவிடும். பிஞ்சு நெஞ்சங்கள், நஞ்சு, பொறுப்பற்ற நூலகம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, பெற்றோர் குழுவில் போட்டு, ஆறு பேரின் கையெழுத்தையும் வாங்கிப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டேன். அந்த ஆறு பேரும் புத்தகத்தைப் பார்த்ததுகூட இல்லை. என் எழுத்தின் சக்தி அப்படி.

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர், எதிலும் நிதானம். "படிச்சுப் பாத்துட்டு எழுதியிருக்கலாமே" என்றார்.

"சாக்கடையில இறங்கித்தான் நாத்தத்தத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

ஆனாலும் அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நாளைக்கே பள்ளியில் கூப்பிட்டு எந்தப் பக்கத்தில் தப்பு என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாதல்லவா. வகுப்புக்குக் கதைப்புத்தகம் கொண்டுபோகக் கூடாது என்பதால் பகலில் அது வீட்டில்தான் கிடக்கும். மறுநாள் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு சிவப்புப் பென்சிலையும் எடுத்துக்கொண்டேன்.

மதியம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு குற்றம் கண்டுபிடிக்க உட்கார்ந்தேன். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் பழைய ஆல்பத்தைப் புரட்டுகிறார்கள். ஒரு கல்யாணப் படத்தில் பின்வரிசையில் யாரென்று தெரியாத ஒரு பெண். அம்மாவைக் கேட்டால் "அத்தைடா" என்கிறாள். அப்பாவும் "நம்ம அத்தைதான்" என்கிறார். எந்த அத்தை என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் அதே படத்தில் அத்தை ஒரு வரிசை முன்னால் வந்து நிற்கிறாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் சாப்பாட்டை மறந்தேன். ஐந்தாம் அத்தியாயத்தில் சிவப்புப் பென்சில் எங்கே உருண்டது என்றே தெரியவில்லை. ஜன்னலில் வெயில், கீழே டிரில் சத்தம், பட்டப்பகல். அப்படியும் முதுகு கூசியது. எழுந்து போய், அலமாரியில் வரிசையாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்த அச்சுகள் எல்லாவற்றையும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பயம் எனக்குப் புதிதல்ல. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற கவருக்குப் பயந்திருக்கிறேன். வீட்டுக்காரர் வர ஒரு மணி நேரம் தாமதமானால் பயந்திருக்கிறேன். அந்தப் பயங்களில் ஒரு சுகமும் கிடையாது, வயிற்றைப் பிசைந்துவிட்டுப் போகும். இது வேறு மாதிரி இருந்தது. தொண்டைவரை வந்து கிச்சுகிச்சு மூட்டியது. நாற்பத்து நான்கு வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அதையும் நான் தடை செய்யச் சொன்ன புத்தகமே கொடுத்தது என்பதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்த அத்தை எந்தப் படத்திலும் சிரிக்கவே மாட்டாள். ஒன்பதாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில்தான் முதல்முறையாகச் சிரிக்கிறாள். 'முன்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன. ஓரத்துக் கூர்ப்பற்கள் இரண்டும் மட்டும் உள்ளே திரும்பி, அவள் வாய்க்குள் இருந்த எதையோ காவல் காத்தன' என்று எழுதியிருந்தது. தொழில்முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பல்வரிசை இருக்க முடியும். எழுதியவருக்குப் பல்லைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தேன்.

வியாழக்கிழமை மதியம் பதினோராம் அத்தியாயத்தின் முடிவுக்கு வந்தேன். தங்கை கத்தரிக்கோலை எடுக்கிறாள். படத்திலிருந்து அத்தையை வெட்டி எடுத்துவிடப் போகிறாள். கத்தரிக்கோல் காகிதத்தைத் தொடுகிறது, பக்கத்து அறையில் அம்மா "ஆ" என்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து அவசர வேலை என்று அழைப்பு. மேசையில் கிடந்த மெழுகுத் தகட்டில் ஒரு கீற்றை வெட்டிப் பக்கத்தில் அடையாளமாக வைத்து மூடினேன். மொத்தம் பதினைந்து அத்தியாயம், இன்னும் நான்குதான் பாக்கி. நாளைக்கு முடித்துவிடலாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

சாயங்காலம் வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தை நாளைக் காலையே ஒப்படைக்க வேண்டுமாம். யாரோ ஒரு பெற்றோர் கொடுத்த புகாராம். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டு அதை நூலகத்தில் வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். அதுவரை தலைமையாசிரியை அறையில் பூட்டி வைத்திருப்பார்களாம்.

"யாரும்மா இப்படிப் பண்ணியிருப்பாங்க?" என்றாள்.

நான் பாத்திரத்தைத் தேய் தேய் என்று தேய்த்தேன். அவள் புத்தகத்தைப் பையில் வைக்கப் போய் நின்றுவிட்டாள்.

"என்னோட அடையாளம் எட்டாவதுல இருக்கு. பதினொண்ணுல ரோஸ் கலர்ல ஏதோ இருக்கே. இது யாரோடது?"

கையும் களவுமாக மாட்டினேன். புகாரையும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று, எப்படியும் மறுநாள் பள்ளியில் யாராவது சொல்லத்தான் போகிறார்கள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இந்தப் புக்குக்கு ஒரு மாசம் காத்துக்கிட்டிருந்தேன். எனக்கு முன்னாடி மூணு பேரு. நீ பதினொண்ணு வரைக்கும் படிச்சிட்ட. என்னை எட்டோட நிறுத்திட்ட" என்றாள். அப்புறம் பேசவில்லை. அன்று மட்டுமில்லை, மறுநாளும், அதற்கு மறுநாளும். உப்பு வேண்டுமென்றால் அப்பாவிடம் சொன்னாள், அவர் என்னிடம் சொன்னார். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கதையை நான் சொல்கிறேன் என்று ஆசை காட்டிப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்னவென்று அந்த வாரம்தான் எனக்கு விளங்கியது. மகளும் பேசவில்லை, அந்த அம்மா ஏன் "ஆ" என்றாள் என்றும் தெரியவில்லை. இரண்டில் எது என்னை அதிகம் வாட்டியது என்று கேட்காதீர்கள்.

கடைகளில் கேட்டேன். பழைய புத்தகம், இப்போது அச்சில் இல்லை என்றார்கள்.

திங்கட்கிழமை இருநூற்றுப் பதினான்காம் நம்பர் மேசைக்கு வந்தது. கூடவே டாக்டரின் சீட்டு. 'மேல் கீழ் முழு செட். பெண், வயது ஐம்பத்தேழு. சிரிக்கிற பழைய போட்டோ கேட்டேன், வாழ்க்கையில் ஒன்றுகூட இல்லையாம். நீங்களே பார்த்துச் செய்யுங்கள் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.'

வழக்கமாக ஒரு போட்டோ வரும். அதில் இருக்கிற சிரிப்பைப் பார்த்து, எந்தப் பல் எவ்வளவு தெரிந்தது, எது கோணல் என்று அதே மாதிரி நடுவோம். அப்போதுதான் வீட்டில் உள்ளவர்களுக்கு அது அவர்களுடைய ஆளாகத் தெரியும். போட்டோ இல்லையென்றால் எங்கள் கற்பனைதான். என் கற்பனை அன்று எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகை இளக்கி, பல்லை நட்டுக்கொண்டே, கத்தரிக்கோல் காகிதத்தைத் தொட்டதும் அம்மாவுக்கு ஏன் வலிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. முடித்துவிட்டுப் பார்த்தால் ரொம்ப இயல்பாக இருந்தது. சோப்பு விளம்பரத்துப் பல் மாதிரி ஒரே சீராக இல்லாமல், நிஜமாக ஒருத்தி ஐம்பது வருஷம் வைத்திருந்த பல் மாதிரி இருந்தது. இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. நல்ல வேலை செய்தால் அப்படித்தான் தோன்றும் என்று என்னையே மெச்சிக்கொண்டு கீழே அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு டாக்டர் போனில் கூப்பிட்டார். "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க. பேஷண்ட் உங்களைப் பாக்கணுங்கிறாங்க."

இருபது வருஷத்தில் எந்த வாயும் என்னைப் பார்க்கக் கேட்டதில்லை. கீழே போனேன். நாற்காலியில் ஓர் அம்மாள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் வட்டக் கண்ணாடி. நான் பக்கத்தில் போனதும், கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முன்பற்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன. ஓரத்துக் கூர்ப்பற்கள் இரண்டும் உள்ளே திரும்பியிருந்தன.

நான் ஓர் அடி பின்னால் போய், வாய் கொப்பளிக்கிற தொட்டியில் இடித்துக்கொண்டேன். பேயறைந்த மாதிரி என்று சும்மா சொல்வார்கள், எனக்கு அது நிஜமாகவே நடந்தது. ஆல்பத்து அத்தை எழுந்து வந்து பல் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அவளை உட்கார வைத்ததே நான். அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்ததாக வந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இரண்டு மாதமாகப் பள்ளி வாசலில் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நிற்கிற முகம் அது. வாலுவின் தலைமையாசிரியை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'சைலன்ஸ்'.

"பல்லு நீங்க செஞ்சதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க டீச்சர்."

"கடிச்சிப் பேசாதீங்க டீச்சர், மெழுகு வளைஞ்சிடும்" என்றார் டாக்டர்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க டாக்டர்" என்றார் அவர். டாக்டர் ஆறாம் வகுப்புப் பையன் மாதிரி வெளியே போய்விட்டார்.

"இந்தப் பல்ல எனக்குத் தெரியும். ஒன்பதாவது அத்தியாயம், கடைசிப் பக்கம்." தட்டில் இருந்த கீழ்வரிசையை எடுத்து அதன் இளஞ்சிவப்பு ஈறை விரலால் தடவினார். "இந்த மெழுகும் தெரியும். பதினொண்ணாவது அத்தியாயத்துல ஒரு துண்டு இருந்துச்சு. அது என்னன்னு அஞ்சு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன். உங்க பொண்ணு ஆறாவதா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தப் புகார் எழுதினதும் நீங்கதான்."

நான் அசடு வழிந்தேன். "பல்ல இன்னைக்கே மாத்தித் தந்துடுறேன் டீச்சர். வேணும்னு பண்ணல. கை தானா..."

"மாத்தச் சொல்லி யாரு கேட்டா?" என்று மறுபடி கண்ணாடியை எடுத்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா சைலன்ஸ் சைலன்ஸ்னு கத்தித் தொண்ட போச்சு. இந்தச் சிரிப்பு இருந்திருந்தா கத்தியே இருக்க வேண்டாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டி வைத்த புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயம் இவருக்கு எப்படித் தெரியும்?

"நீங்க படிச்சிட்டீங்களா டீச்சர்?"

"விசாரணைக்காகப் படிச்சேன்" என்றார். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டு தடவ விசாரிச்சேன்" என்றார்.

"அந்த அம்மா ஏன் ஆன்னு..."

"சொல்ல மாட்டேன்."

"ஒரே ஒரு வார்த்தை டீச்சர். நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன்."

"கடுதாசியில வாங்கினா எடுபடாது. ஏழு பேரு கையெழுத்து இருக்கு. வெள்ளிக்கிழமை நீங்களே எழுந்து நின்னு சொல்லணும். படிக்காம எழுதினேன், படிச்சப்புறம் வைக்க முடியலன்னு. எல்லார் முன்னாடியும்." பல்லைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, "முன்பல்லு ரெண்டையும் நேராக்கிடுங்க. ஓரத்துப் பல்ல மட்டும் தொடாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் கூட்டம். கையெழுத்துப் போட்ட ஆறு பேரும் என்னைத் தலைவியாக முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பத்துப் பதினைந்து தலைகள் தெரிந்தன, அதில் ஒன்று வாலு. ஊரில் எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும். அதைக் கழற்றி மேசையில் வைக்கத்தான் அன்று போயிருந்தேன்.

எழுந்து நின்றேன். "நான் ரெண்டு பக்கம் பாத்துட்டு ஒன்றரைப் பக்கம் எழுதினேன்" என்று ஆரம்பித்தேன். யாரோ சிரித்தார்கள். "அப்புறம் என் பொண்ணுக்குத் தெரியாம பதினொரு அத்தியாயம் படிச்சேன். பயந்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு. பிஞ்சு நெஞ்சுக்கு ஒண்ணும் ஆகாது, எனக்கே ஒண்ணும் ஆகல. தப்பு என்மேல" என்றேன். காது ரெண்டும் சுட்டது. ஜன்னல் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எனக்கு அடுத்த கையெழுத்துக்காரர் விடவில்லை. "இவங்க பல்டி அடிச்சா நாங்களும் அடிக்கணுமா? பேய்க்கதையப் படிச்சு எந்தப் பிள்ளை உருப்பட்டுச்சு? ஒரு உதாரணம் சொல்லுங்க பாப்போம்" என்று விரலை நீட்டி நீட்டிப் பேசினார்.

தலைமையாசிரியை கைக்குட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். அவரைப் பார்த்து மெதுவாகச் சிரித்தார். அந்த மனிதர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே, புத்தகத்தை முழுசாகப் படித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

புத்தகம் நூலகத்திலேயே இருக்கும் என்று முடிவாயிற்று. பாதியில் நின்றவளுக்குத்தான் முதல் உரிமை என்று அதை வாலுவின் கையில் கொடுத்தார்கள். அவளுக்குப் பிறகு வேண்டும் என்று மூன்று அப்பா அம்மாக்கள் பெயர் கொடுத்தார்கள். விரல் நீட்டியவரும் அதில் ஒருவர்.

வழியெல்லாம் வாலு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது, தலை மட்டும் வந்தது.

"அம்மா." எட்டு நாள் கழித்து வந்த முதல் வார்த்தை அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம்கூட நறுக்கவில்லை. "எங்க ஹெட்மிஸ் பல்லு யாரு செஞ்சது?"

"எங்களுக்கு வாய்தான் தெரியும், முகம் தெரியாது" என்றேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்துவிட்ட முகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

சனிக்கிழமை முழுக்க நான் அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உள்ளேயிருந்து ஒரு முறை ஒரு கத்தல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வெளியே வந்து புத்தகத்தை என் மடியில் வைத்தாள். பதினோராம் அத்தியாயத்தில் என் மெழுகுக் கீற்று அப்படியே இருந்தது.

"படி. நான் பக்கத்துல இருக்கேன்" என்றாள்.

படித்தேன். அம்மா ஏன் "ஆ" என்றாள் என்பதை இங்கே சொல்லப் போவதில்லை, வேண்டுமானால் வரிசையில் நில்லுங்கள். கடைசி அத்தியாயத்தில் அத்தை எல்லாப் படங்களிலிருந்தும் போய்விடுகிறாள். அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, சித்தப்பா, அவர்கள் வீட்டு நாய் உட்பட எல்லாரும் வாசலில் நின்று புதிதாக ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். தங்கை படத்தில் உள்ளவர்களை எண்ணிப் பார்க்கிறாள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் படத்தில் இருக்கிறார்கள், ஒருவர்கூட அதிகமில்லை. அத்தோடு கதை முடிந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினேன்.

வாலு அவ்வளவு நேரமும் புத்தகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள்.

"என்னடி?"

அவள் கண்ணால் புத்தகத்தைக் காட்டினாள். நான் மறுபடி புத்தகத்தைப் பார்த்தேன். எல்லாரும் படத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் எல்லாரும் இருக்கிறார்கள். அப்படியென்றால் படத்தை எடுத்தது யார்?

நான் போட்ட கத்தலில் வீட்டுக்காரர் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்தார். வாலு சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் என் தோளில் வந்து சாய்ந்துகொண்டாள்.

"நேத்து நான் கத்தினதும் இதே இடத்துலதான்" என்றாள். "உனக்கு ஏன்மா இவ்வளவு நேரம் ஆச்சு?"